தியேட்டரிலிருந்து லேபுக்கு: திசுவை அனுப்பும் முறை

ரத்த மாதிரி கெட்டுப்போனால் மறுநாள் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சையில் எடுத்த திசு கெட்டுப்போனால் பெரும்பாலும் மறுவாய்ப்பு கிடையாது. கட்டி இருந்த இடத்தைத் தைத்து மூடியிருப்பார்கள். எண்டோஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த நான்கு துணுக்குகளுக்காக நோயாளியை மறுபடி பட்டினி போட்டு, மறுபடி குழாயை விழுங்கச் சொல்ல வேண்டியிருக்கும். அறுவையா, மருந்தா, கதிர்வீச்சா என்ற முடிவு பயாப்ஸி ரிப்போர்ட் வந்த பிறகே நகர்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு அனுமதி கேட்டாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அதில் கையெழுத்திடுபவர் நோய்க்கூறியல் மருத்துவர். ஆனால் நுண்ணோக்கியில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாமல் போகும் என்பதைத் தியேட்டரில் பாட்டிலைக் கையில் பிடித்திருப்பவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார்.

அவருக்காகத்தான் இந்த அத்தியாயம். ஸ்டாஃப் நர்ஸ், தியேட்டர் டெக்னீஷியன், பயிற்சி மருத்துவர், சொந்தமாக ஹிஸ்டோபதாலஜி லேப் இல்லாமல் திசுவை வெளியூருக்கு அனுப்பும் நர்சிங் ஹோம் ஊழியர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சரியான திரவம், சரியான பாத்திரம், சரியான பெயர், சரியான நேரம் இருந்தால் போதும்.

எடுத்த உடனே

உடலிலிருந்து பிரிந்த திசுவுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. செல்களுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்களையே கரைக்கத் தொடங்குகின்றன. கூடவே பாக்டீரியாவும் வேலையைத் தொடங்குகிறது. குடலின் உட்சவ்வும் கணையமும் மிக வேகமாகக் கெடும். பித்தப்பையில் பித்தநீரே உட்சவ்வை அரித்துவிடும். சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோன அறையில் இந்த வேகம் இன்னும் கூடும். இரண்டு மணி நேரம் டிரேயில் கிடந்த பித்தப்பையை அதன்பின் எவ்வளவு நல்ல ஃபார்மலினில் போட்டாலும் கரைந்துபோன உட்சவ்வு திரும்பி வராது. பித்தப்பையில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய் அந்த உட்சவ்வில்தான் தொடங்குகிறது.

நம் ஊரில் எடுத்த உறுப்பைத் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் உறவினர்களிடம் காட்டுவது வழக்கம். இந்த வழக்கம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கருப்பையை எடுத்தார்களா, கட்டி எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது. கண்ணால் பார்த்தால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் கிட்னி டிரேயில் உலர்ந்த துணி மேல் வைத்து, எல்லோரும் வந்து சேரும்வரை வெளியே வைத்திருப்பதுதான் தவறு. ஃபார்மலின் ஊற்றிய, வாய் அகன்ற, ஒளி ஊடுருவும் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, அந்த டப்பாவையே காட்டுங்கள். உடனே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை நோயாளி கேட்டால் கொடுக்கலாம். கல்லுக்காகப் பையைத் திறந்துவிட்டால், உள்ளே தேங்கிய பித்தநீரை சலைனில் மெதுவாக அலசிவிட்டு அப்போதே ஃபார்மலினில் போட வேண்டும். அலசுவது என்றால் ஊற்றி எடுப்பது. விரலால் தேய்த்தால் உட்சவ்வு உரிந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய்க்கு நேரக் கணக்கு இன்னும் கறாரானது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்2 பரிசோதனைகளின் முடிவை வைத்துத்தான் அந்தப் பெண்ணுக்குப் பல ஆண்டுகளுக்கான மருந்தை முடிவு செய்கிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோய்க்கூறியல் மருத்துவர் கல்லூரியும் சேர்ந்து வகுத்த நெறிமுறைப்படி, திசு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும், அதில் குறைந்தது 6 மணி நேரமும் அதிகபட்சம் 72 மணி நேரமும் இருக்கலாம். நேரம் தவறினால் இருக்கும் ஏற்பியும் இல்லை என்று தெரியலாம். அதனால் எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். சனிக்கிழமை மாலை அனுப்பி திங்கள் கிழமை பிற்பகல் கிராஸிங் (லேபில் வெட்டிப் பார்ப்பது) ஆகும் திசுவுக்கு 72 மணி நேரத்தில் எவ்வளவு கழிந்துவிடுகிறது என்பதையும் யோசியுங்கள்.

சின்ன பயாப்ஸிகளுக்கு வேறு ஆபத்து உண்டு, அவை நிமிடங்களில் உலர்ந்துவிடும். எண்டோஸ்கோப்பித் துணுக்கையோ ஊசி பயாப்ஸியின் மெல்லிய இழையையோ உலர்ந்த காஸ் துணியில் வைக்கவே கூடாது. ஒட்டிக்கொண்டு பிய்யும். வடிதாளின் சிறு துண்டில் மெதுவாக இறக்கி, தாளோடு ஃபார்மலினில் போடுங்கள். பல் உள்ள ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தால் செல்கள் நசுங்கி நீலக் கோடுகளாகத் தெரியும். அப்படி நசுங்கிய இடத்தில் லிம்போமாவா சிறுசெல் புற்றுநோயா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியின் நுனியால் தூக்குவதே நல்லது. எத்தனை துண்டு போட்டீர்கள் என்பதை எண்ணி படிவத்தில் எழுதுங்கள். "4 துண்டுகள்" என்று எழுதியிருந்து மூன்றுதான் தெரிந்தால் லேபில் மூடியின் உட்புறத்தைத் தேடுவார்கள். எண்ணிக்கையே எழுதாவிட்டால் நான்காவது துண்டு இருந்தது யாருக்கும் தெரியாது.

ஃபார்மலின்

1893இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஃபெர்டினாண்ட் ப்ளும் என்ற மருத்துவர் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தன் விரல்களின் தோல் கெட்டிப்படுவதைக் கவனித்தார். திசுவைப் பதப்படுத்த அது பயன்படும் என்று தெரிய வந்தது அப்படித்தான். இன்றுவரை உலகத்தின் பெரும்பாலான லேப்கள் அதையே நம்பியிருக்கின்றன. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல்லை எடுத்த கணத்தில் இருந்தபடியே அது நிறுத்தி வைக்கிறது.

கடையில் வாங்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதை அப்படியே ஊற்றக் கூடாது. வெளிப்புறம் மட்டும் இறுகிப்போய், உள்ளே திரவம் இறங்காமல் நடுப்பகுதி அழுகும். 100 மில்லி லிட்டர் ஃபார்மலினுடன் 900 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும். அந்த ஒரு லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் கரைக்க வேண்டும். இதுதான் 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலின். உப்பு எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஃபார்மலின் நாள்பட நாள்பட ஃபார்மிக் அமிலமாக மாறும். அமிலமான ஃபார்மலினில் ரத்தம் நிறைந்த திசு கிடந்தால் பழுப்புக் கறுப்பான துகள்கள் படியும், நுண்ணோக்கியில் அவை மலேரியா நிறமியைப் போலவே இருக்கும். பாஸ்பேட் உப்புகள் அமிலத்தைச் சமன் செய்து பி.எச். அளவை 7க்கு அருகில் நிறுத்துகின்றன. பாஸ்பேட் உப்பு கிடைக்காத இடத்தில் வெறும் தண்ணீருக்குப் பதிலாக, லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்து ஃபார்மல் சலைனாகவாவது தயாரியுங்கள். தயாரித்த தேதியைக் கேனில் எழுதி ஒட்டுங்கள். வாங்கிய கேனின் அடியில் வெள்ளையாகப் படிவு இறங்கியிருந்தால் அந்தக் கேனின் வலிமை குறைந்துவிட்டது என்று பொருள்.

அளவு விஷயத்தில்தான் எல்லா இடத்திலும் கஞ்சத்தனம். திசுவின் கனஅளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். அரைக்கிலோ மார்பகத்துக்கு 5 லிட்டர், ஒரு கிலோ நார்த்திசுக் கட்டியோடு வந்த கருப்பைக்கு 10 லிட்டர். அவ்வளவு ஊற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். முடியாதபோது செய்ய வேண்டியது திசுவை உடனே, ஈரமாக, லேபுக்குச் சேர்ப்பதுதான். அங்கே அதை 5 மில்லி மீட்டர் தடிமனான தகடுகளாக அரிந்து ஃபார்மலினில் போடுவார்கள். ஃபார்மலின் திசுவுக்குள் தோராயமாக மணிக்கு 1 மில்லி மீட்டர்தான் இறங்கும், ஆழம் போகப் போக அதுவும் குறையும். 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டியின் நடுவைத் தொடுவதற்குள் ஒரு பகல், ஒரு இரவு தாண்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பத்திரமாக மிதப்பதுபோல இருக்கும், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

பாத்திரம் வாய் அகன்றதாக இருக்கட்டும். சலைன் பாட்டிலின் கழுத்து வழியாகத் திணித்த கருப்பை மறுநாள் கட்டையாகிவிடும், வெளியே எடுக்க பாட்டிலை அறுக்க வேண்டும், உறுப்பின் வடிவமும் போயிருக்கும். டப்பாவின் அடியில் ஒரு மடிப்பு காஸ் துணி போட்டு, அதன்மேல் திசுவை வைத்தால் அடிப்புறத்துக்கும் ஃபார்மலின் போகும். குடிநீர் பாட்டிலில் ஃபார்மலினை ஊற்றி வைக்காதீர்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும், குடித்தால் உயிர் போகும். சலைன், லிக்னோகெய்ன் பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் ஃபார்மலின் இருக்கவே கூடாது.

அதை ஊற்றுபவரும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. நைட்ரைல் கையுறை, கண் கண்ணாடி, திறந்த ஜன்னல் அல்லது எக்ஸாஸ்ட் மின்விசிறி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கண் எரிகிறது என்று சொல்லும் தியேட்டர் ஊழியரைப் "பழகிக்கொள்" என்று சொல்லி அனுப்புவது சரியல்ல.

ஃபார்மலின் ஊற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

திசு கைக்கு வந்ததும் பாட்டிலைத் திறக்கும் பழக்கம் நல்ல நர்ஸுக்குத் தானாக வந்துவிடும். அந்தப் பழக்கமே சில நேரம் இடைஞ்சல். "சார், ஃபார்மலின்ல போடலாமா?" என்று அறுவை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

நம் மாநிலத்தில் இந்தக் கேள்வி அதிகம் தேவைப்படுவது கழுத்து நெறிக்கட்டிக்கு. காசநோயா, லிம்போமாவா, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயா என்ற மூன்று சந்தேகமும் ஒரே கட்டியில் நிற்கும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது, சிபிநாட் பரிசோதனையையும் நம்ப முடியாது. மேசையிலேயே மருத்துவர் சுத்தமான பிளேடால் ஒரு பகுதியை வெட்டி, கிருமி நீக்கிய டப்பாவில் சில சொட்டு சலைனோடு தர வேண்டும். மீதி ஃபார்மலினுக்கு. லிம்போமா சந்தேகம் பலமாக இருந்தால் இன்னொரு பகுதி ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக ஃபார்மலின் படாமல் போக வேண்டும். அந்த வசதியுள்ள லேப் பக்கத்தில் இருக்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வசதி இல்லாவிட்டால் நெறிக்கட்டியைக் குறுக்காக இரண்டாக அரிந்து ஃபார்மலினில் போடுவதே மேல், கெட்டியான மேலுறைக்குள் திரவம் இறங்கச் சிரமப்படும்.

சிறுநீரக பயாப்ஸி மூன்றாகப் பிரியும். சாதாரண நுண்ணோக்கிக்கான பகுதி ஃபார்மலினிலும், இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கான பகுதி மிஷெல் திரவத்திலும், எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கான பகுதி குளூட்டரால்டிஹைடிலும் போகும். பெம்ஃபிகஸ் போன்ற கொப்புள நோய்களில் தோலை இரண்டு இடத்தில் எடுப்பார்கள். புதிய சிறு கொப்புளம் ஃபார்மலினுக்கு, கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோல் மிஷெல் திரவத்துக்கு. இரண்டு பாட்டிலும் மாறிவிட்டால் இரண்டு பரிசோதனையும் போச்சு. தசை பயாப்ஸியை சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் வைத்து அப்போதே அனுப்ப வேண்டும். குழந்தைகளின் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்கு எடுக்கும் மலக்குடல் பயாப்ஸியில் நொதிப் பரிசோதனை கேட்டிருந்தால் அதற்கும் ஃபார்மலின் ஆகாது. கவுட் நோயின் யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீர் கலந்த ஃபார்மலினில் கரைந்துவிடும், அந்த முடிச்சைக் கலப்பில்லாத ஆல்கஹாலில் அனுப்புங்கள். கலைந்த கருவின் திசுவில் குரோமோசோம் பரிசோதனை வேண்டுமென்றால் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும், எனவே கிருமி நீக்கிய சலைன். விஷம் குடித்து இறந்தவரின் உள்ளுறுப்புகளை வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பும்போது செறிவான உப்புக் கரைசலில்தான் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் அந்தப் பரிசோதனைக்கு உதவாது.

ஃப்ரோஸன் செக்ஷனுக்குத் தனிக் கவனம் வேண்டும். நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே முடிவு தெரிய வேண்டும், ஒரு துண்டுக்கு 20 நிமிடம் என்பது லேபின் இலக்கு. முந்தைய நாளே லேபுக்குச் சொல்லிவிடுங்கள், உறைய வைக்கும் கருவி முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். திசுவை சலைனில் மிதக்க விடாதீர்கள். நீர் ஊறினால் உறையும்போது பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில், ஆள் கையில் கொடுத்து அனுப்பி, தியேட்டர் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். முடிவை நோய்க்கூறியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். "கேன்சர் இல்லையாம்" என்று மூன்றாம் ஆள் வந்து சொல்லும் ஏற்பாட்டில் "இல்லை" என்ற சொல் வழியில் தவறிவிடும் அபாயம் உண்டு.

ஊசி உறிஞ்சல் பரிசோதனையின் ஸ்லைடுகளையும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவதை இனிமேல் நிறுத்திவிடுங்கள். ஃபார்மலின் ஆவி பட்ட ஸ்லைடில் கீம்சா சாயம் சரியாக ஏறாது.

பெயர்

நம் பெயர் முறையில் ஆபத்து அதிகம். தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டும்தான். ஒரே வார்டில் இரண்டு ஆர். லட்சுமி, மூன்று எம். முருகன் படுத்திருப்பது சாதாரணம். ஆதாரில் ஒரு விதமாகவும், ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும், வீட்டில் கூப்பிடுவது வேறாகவும் இருக்கும். எனவே பெயர் மட்டும் ஒருபோதும் போதாது. முழுப் பெயர், வயது, பாலினம், ஐ.பி. எண் அல்லது ஓ.பி. எண், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், தேதி என இவை அத்தனையும் டப்பாவின் உடலில் ஒட்டிய லேபிளில் இருக்க வேண்டும். மூடியில் எழுதாதீர்கள். கிராஸிங் மேசையில் ஐந்து டப்பாவின் மூடிகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கலாம்.

லேபிள் எப்போது ஒட்டுவது? நோயாளி மேசையில் இருக்கும்போது. காலையிலேயே எண்டோஸ்கோப்பி பட்டியலைப் பார்த்து எல்லா பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டி வரிசையாக அடுக்குவது வேலையைச் சுலபமாக்குவதுபோலத் தோன்றும். மூன்றாவது நோயாளி வராமல் நான்காமவர் முன்னால் வந்த அன்றுதான் அதன் விலை தெரியும். பழைய லேபிளின் மேல் புதிய லேபிள் ஒட்டாதீர்கள். ஸ்பிரிட் பட்டால் அழியும் மையால் எழுதாதீர்கள். கண்ணாடி ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் எழுதினால் எந்தத் திரவத்திலும் அழியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் திசு லேபிளை நோயாளியின் பெயரோடு உரக்கப் படிக்க வேண்டும் என்பதும் ஓர் அம்சம். பல தியேட்டர்களில் அந்தத் தாளில் டிக் மட்டும் விழுகிறது, குரல் கேட்பதில்லை. தயவுசெய்து வாய்விட்டுப் படியுங்கள். "லட்சுமி, கணவர் ராமசாமி, 52 வயது, ஐ.பி. எண் இது, இடது மார்பகக் கட்டி, ஒரு டப்பா." மருத்துவர் "ஆமாம்" என்று சொல்லும்வரை கையை எடுக்காதீர்கள். பத்து விநாடிதான் ஆகும்.

ஒரு பாட்டிலில் ஒரே இடத்துத் திசு. இடது சினைப்பையும் வலது சினைப்பையும் ஒரே டப்பாவில் போனால், ஒன்றில் புற்றுநோய் இருந்தாலும் எந்தப் பக்கம் என்று நுண்ணோக்கி சொல்லாது. பெருங்குடலில் ஆறு இடத்தில் கிள்ளினால் ஆறு பாட்டில்கள், அ, ஆ, இ என்று குறியிட்டு, படிவத்திலும் அதே குறி.

படிவத்தில் எழுத வேண்டியவை

"பயாப்ஸி – தயவுசெய்து பரிசோதிக்கவும்" என்று மட்டும் எழுதி வரும் படிவங்கள் லேபில் குவிகின்றன. நுண்ணோக்கியில் தெரிவது நிறமும் வடிவமும். அதற்குப் பொருள் தருவது நோயாளியின் கதை. கருப்பை உட்சவ்வுக்குக் கடைசி மாதவிடாய் தேதியும் ஹார்மோன் மாத்திரை எடுத்தாரா என்பதும் தெரியாவிட்டால், இயல்பான மாற்றத்தையும் நோயையும் பிரித்துச் சொல்வது கடினம். ஏற்கெனவே கதிர்வீச்சோ கீமோதெரபியோ நடந்திருந்தால் செல்கள் விகாரமாகத்தான் தெரியும், சொல்லாவிட்டால் அதையே புற்றுநோய் என்று எண்ண வாய்ப்புண்டு. எலும்புக் கட்டியோடு எக்ஸ்ரே படம் கட்டாயம் போக வேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் எலும்புக் கட்டிக்கு ரிப்போர்ட் தருவது ஆபத்து, முறிவு ஆறும்போது உருவாகும் புது எலும்பும் ஆஸ்டியோசார்கோமாவும் சிறு துண்டில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். முன்பு எடுத்த பயாப்ஸியின் எண், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி நிலவரம், மருத்துவரின் சந்தேகம், அவரைத் தொடர்புகொள்ளும் எண் ஆகியவற்றையும் எழுதச் சொல்லி மருத்துவரிடம் படிவத்தை நீட்டுவது நர்ஸின் அதிகாரப் பிரச்சினை அல்ல, நோயாளிக்கான கடமை. கேட்கத் தயங்காதீர்கள், சிஸ்டர்.

புற்றுக்காக வெட்டிய உறுப்பில் எந்த ஓரம் எந்தப் பக்கம் என்பதற்கு நூல் அடையாளம் வேண்டும். மார்பகத்தில் பலர் பின்பற்றும் வழக்கம், குட்டை நூல் மேல்புறம், நீள நூல் வெளிப்புறம். எந்த வழக்கமானாலும் அதைப் படிவத்தில் எழுதி, சின்னப் படமும் வரைந்துவிடுங்கள். ஓரத்தில் புற்று எஞ்சியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி வெட்ட வேண்டிய இடத்தை அந்த நூல்தான் காட்டும். நாக்கு, கன்னம் போன்ற இடங்களிலிருந்து எடுத்த மெல்லிய துண்டு ஃபார்மலினில் சுருண்டுவிடும். தெர்மாகோல் துண்டில் குண்டூசியால் விரித்துக் குத்தி, திசு கீழே நனையும்படி கவிழ்த்து மிதக்க விடுங்கள். கட்டியை "உள்ளே எப்படி இருக்கிறது பார்க்கலாம்" என்று தியேட்டரில் கண்டபடி அரிவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஓரமும் வடிவமும் குலைந்துவிட்டால் லேபில் ஒட்டவைக்க முடியாது. இரவு முழுக்க நிற்க வேண்டிய பெரிய கருப்பையையோ குடலையோ ஃபார்மலின் இறங்குவதற்காகத் திறக்க வேண்டுமென்றால், அறுவை மருத்துவர் லேபோடு பேசி, கட்டியைத் தொடாமல் அவரே திறக்கட்டும்.

யார் கொண்டுபோகிறார்

சிறு ஊர்களில் திசு பெரும்பாலும் நோயாளியின் மகனோ தம்பியோ பஸ்ஸில் கொண்டுபோகும் பையில்தான் பயணிக்கிறது. மருத்துவமனை ஊழியரோ லேப் ஆளோ வந்து கையெழுத்திட்டு எடுத்துப்போவதே சரியான முறை. அதற்கு வழியே இல்லாதபோது, கொண்டுபோகிறவரை உட்காரவைத்து விளக்குங்கள்.

"அண்ணா, இதுக்குள்ள இருக்குறது தண்ணி இல்ல, விஷ மருந்து. மூடியத் திறக்காதீங்க. கொட்டிடாதீங்க. ஃப்ரிட்ஜுல, ஐஸ்ல வைக்க வேண்டாம். சாப்பாட்டுப் பையில போடாதீங்க. நேரா லேபுக்குப் போய் இந்தச் சீட்டோட சேர்த்துக் குடுங்க. அவங்க ஒரு நம்பர் குடுப்பாங்க, அத எனக்குப் போன்ல சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

கொடுத்த நம்பர் வந்ததும் தியேட்டர் பதிவேட்டில் எழுதுங்கள். டப்பாவை இறுக்கி மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கசிவை உறிஞ்சப் பஞ்சு வைத்து இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட வேண்டும். படிவம் வெளி உறைக்கு வெளியே, நனையாமல். ஃபார்மலினில் இருக்கும் திசுவுக்குக் குளிர் தேவையில்லை. ஃபார்மலின் படாத திசு தாமதமானால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

குடும்பம் சில சமயம் "இன்னொரு லேபுலயும் பார்த்துக்கறோம், பாதி வெட்டிக் குடுங்க" என்று கேட்கும். பயத்தில் கேட்கிறார்கள், கோபப்படாதீர்கள். ஆனால் வெட்டிக் கொடுக்காதீர்கள். கட்டியின் ஒரு பாதியில் புற்றும் மறுபாதியில் வெறும் அழற்சியும் இருக்கலாம். இரண்டு லேபும் உண்மையையே சொல்லும், இரண்டு ரிப்போர்ட்டும் முரண்படும், குடும்பம் நல்ல செய்தி சொன்ன தாளையே நம்பும். முழுவதும் ஒரே லேபுக்குப் போகட்டும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மெழுகு பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் அங்கிருந்து கேட்டு வாங்கலாம் என்று விளக்குங்கள்.

லேபிள் பொருந்தவில்லை என்று லேபிலிருந்து அழைப்பு வந்தால் தொலைபேசியில் "அது அவங்களோடதுதான், எழுதிக்கோங்க" என்று சொல்லி முடிக்கக் கூடாது. திசுவை எடுத்தபோது அங்கே இருந்தவர் நேரில் போய், பார்த்து, திருத்தி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். மறுபடி எடுக்க முடியாத திசு என்பதால் லேப் அதைத் தூக்கிப் போடாது, ஆனால் சந்தேகத்தோடு ரிப்போர்ட் தரவும் கூடாது.

ரிப்போர்ட்டுக்குச் சில நாட்கள் ஆகும் என்று குடும்பத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபார்மலினில் பதமாக வேண்டும், ஆல்கஹாலில் நீர் போக வேண்டும், உருகிய மெழுகு ஏற வேண்டும். பிறகுதான் 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்ற முடியும். எலும்பாக இருந்தால் சுண்ணாம்பை அகற்ற இன்னும் பல நாட்கள். இதை அவசரப்படுத்தினால் கெடுவது ரிப்போர்ட்தான்.

வாரம் ஒருமுறை தியேட்டர் பதிவேட்டையும் வந்து சேர்ந்த ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அனுப்பிய வரிசையில் ரிப்போர்ட் எண் இல்லாத கட்டம் இருந்தால் அன்றே லேபை அழைத்துக் கேளுங்கள். மீதித் திசுவை லேப் ரிப்போர்ட் தந்தபின் சில வாரங்களே வைத்திருக்கும். அதன்பின் 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி திசு மஞ்சள் பையில் போய்விடும். பழைய ஃபார்மலினும் அதே விதிகளின்படி ரசாயனக் கழிவு, அதை உங்கள் தியேட்டர் சிங்க்கில் ஊற்றக் கூடாது. மெழுகு பிளாக்குகள் மட்டும் பல ஆண்டுகள் இருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாற்றப்படும் புற்றுநோயாளிக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு, பிளாக்கையும் ஸ்லைடையும் எந்த லேபில், எந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.